குல்பர்ச்சின் கேட்ட ஒரு நிமிடம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த பட்டமளிப்பு விழா உரையை, ஒரு பெண் நானூறு பேர் முன்னால் நான்காக மடித்து வெள்ளைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளாகப் பேசியதற்குத்தான் கூட்டம் எழுந்து நின்றது. நான் எழுதிய பகுதிக்கு ஒரே ஒரு கொட்டாவி கிடைத்தது. அதுவும் முதல் வரிசையில், மாவட்டத் தலைவரிடமிருந்து.

பொறாமை அடங்க ஒரு வருடம் ஆயிற்று. அடங்கிய பிறகு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பெருமை இருந்தது. அதில் எனக்கு என்ன பங்கு என்பது எழுதினால்தான் தெரியும்.

தொடக்கம் ஒன்று: "நாரின் ஆறு பனி உருகிப் பொங்கிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில், நாற்பத்து நான்கு வயதான ஒரு பெண் தன் சிவந்த கைகளை—"

வேண்டாம். ஆற்றில் தொடங்கினால் ஆறே கதையை இழுத்துக்கொண்டு போய்விடும்.

தொடக்கம் இரண்டு: "எல்லோரும் அவளை எஜே என்று கூப்பிட்டார்கள்."

இது பரவாயில்லை, உண்மையும்கூட. எஜே என்றால் கிர்கிஸ் மொழியில் அக்கா. அவளோடு மருத்துவச்சிப் படிப்பு படித்த மற்ற பத்தொன்பது பெண்களும் இருபது வயதைத் தாண்டாதவர்கள். இதிலிருந்து போகலாம்.

(ஊருக்கு அக்கெச்சூ என்று பெயர் வைத்திருக்கிறேன். உண்மைப் பெயர் அதுவல்ல. அங்கே ஒரே ஒரு மருத்துவக் கல்லூரிதான் உண்டு. பத்தொன்பது வருடமாக அதில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சாப்பிடுகிறவன் நான். இனியும் சாப்பிட வேண்டும்.)

2

குல்பர்ச்சின் எங்கள் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் பதினேழு வருடம் ஆயாவாக இருந்தாள். தரை துடைப்பாள், ரத்தம் படிந்த துணிகளை அலசுவாள், வலியில் கத்துகிற பெண்கள் பிடித்துக்கொள்ளக் கை கொடுப்பாள். கை கொடுப்பது வேலைப் பட்டியலில் இல்லாத வேலை. கணவன் தாலாய்பெக் தலைநகர் பிஷ்கெக்குக்கு வாடகை வண்டி ஓட்டுகிறான். ஒரே மகள் மாஸ்கோவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறாள்.

இப்படி ஒரு பெண் திடீரென்று படிக்கக் கிளம்ப ஒரு காரணம் வேண்டும் என்று கதை கேட்கிறது. ஒரு பனிப்புயல், ஒரு அவமானம், கைதவறிப்போன ஒரு குழந்தை. நானும் ஏதாவது கிடைக்கும் என்று அவளிடம் கேட்டேன்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலை அகாய்," என்றாள். (ஆண் வாத்தியாரை இங்கே அகாய் என்பார்கள்.) "தரை துடைக்கும்போது எல்லாமே காதுல விழுது. பதினேழு வருஷம் காதுல விழுந்தா, கைக்கும் ஆசை வரும்ல?"

அவ்வளவுதான் காரணம். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அதனால் என்ன, அப்படியே எழுதிவிட்டேன்.

ஆசை வந்துவிட்டது. லத்தீன் வரவில்லை. எலும்பு, தசை, மருந்து எல்லாவற்றுக்கும் லத்தீன் பெயர் தெரிய வேண்டும். முதல் பருவத் தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கினாள். வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, இடைவேளையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அங்கே செசிம் வந்தாள்.

செசிமுக்கு அப்போது பதினேழு வயது. வகுப்பிலேயே லத்தீன் மிக நன்றாகத் தெரிந்தவள். ஆனால் அதைச் சொல்லச் சொன்னால் வார்த்தை வாசல்வரை வந்து நின்றுவிடும். திக்குவாய். நெருங்கியவர்களிடம் பேசும்போது லேசாகத் திக்கும். புதியவர்கள் முன்னால் மொத்தமாக அடைத்துக்கொள்ளும்.

சட்டைப் பையிலிருந்து காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ரோலை எடுத்து ஒரு துண்டு கிழித்தாள். அதில் பேனாவால் 'ஸ்காபுலா' என்று எழுதி, குல்பர்ச்சினின் முதுகுப்பக்கம் தோள்பட்டை எலும்பின் மேல் ஒட்டினாள்.

"என்னடி இது?"

"அ... அதான். உங்க எலும்புதான். இனி மறக்க மாட்டீங்க."

அன்று தொடங்கியது. துடைப்பக் கம்பில், வாளியில், ஆஸ்பத்திரி ஜன்னலில், தாலாய்பெக்கின் வண்டிக்குள் எங்கே பார்த்தாலும் லத்தீன் பிளாஸ்திரி. "பிஷ்கெக் போற ஆளுங்க 'இது என்ன மந்திரமா'ன்னு கேக்கறாங்க," என்று தாலாய்பெக் புலம்பினான். "வண்டிக்கு வைத்தியம் பாக்கறேன்னு சொல்லிட்டேன்." மூன்றாம் வருடம் குல்பர்ச்சின் லத்தீனில் எண்பத்தாறு வாங்கினாள்.

(அடைப்புக்குள் ஒரு குற்ற ஒப்புதல். என் ஆங்கில வகுப்பில் செசிம் ஒரு வாக்கியத்தைத் தொடங்குவாள். பாதியில் நிற்கும். மீதியை நானே சொல்லி, "சரி, நல்லது, உட்காரு" என்பேன். மூன்று வருடம் இப்படிச் செய்தேன். அதைக் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

3

இந்தப் பகுதியை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கொடியவராகிவிடுகிறார்கள். உண்மையில் யாரும் அப்படி இல்லை. அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கடைசி அரசுத் தேர்வு வாய்மொழியாக நடக்கும். கவிழ்த்துவைத்த சீட்டுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். அதிலிருக்கும் கேள்விகளுக்கு அதே அறையில், பின்வரிசையில் உட்கார்ந்து தயார் செய்துகொள்ள வேண்டும். பிறகு முன்னால் போய்த் தேர்வுக் குழுவிடம் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் பதில் சொல்லும்போது இன்னும் நான்கு பேர் பின்னால் இருப்பார்கள். அன்று அந்த நால்வரில் குல்பர்ச்சினும் இருந்தாள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் டாக்டர் கலிமா ஒஸ்மோனோவ்னா, முப்பது வருடமாக எங்கள் மாவட்டத்தில் பிரசவம் பார்ப்பவர். மற்ற இருவர் பிஷ்கெக்கிலிருந்து வந்தவர்கள். அதில் ஒருவருக்குப் பன்னிரண்டு மணிக்கு வண்டி.

செசிம் எடுத்த சீட்டில் முதல் கேள்வி, பிரசவத்துக்குப் பின் நிற்காத ரத்தப்போக்கைப் பற்றியது. அந்தப் பாடத்தைக் குல்பர்ச்சினுக்குப் புரியவைத்ததே அவள்தான்.

"சொல்லும்மா," என்றார் கலிமா ஒஸ்மோனோவ்னா.

"மு... மு... முத..."

அறையில் கடிகாரச் சத்தம். செசிமின் கழுத்து நரம்பு புடைத்தது. விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டன.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடு," என்றார் பன்னிரண்டு மணி வண்டிக்காரர். "வெளிய பத்துப் பேர் நிக்கறாங்க."

"மு..."

"போதும்மா. உக்காரு. செப்டம்பர்ல மறுபடி வா," என்றார் கலிமா ஒஸ்மோனோவ்னா. குரலில் கோபம் இல்லை, களைப்பு மட்டும்தான். "அடுத்தது யாரு?"

அடுத்தது குல்பர்ச்சின்.

வலிக்கும் வலிக்கும் நடுவே எத்தனை நொடி என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது அவளுக்குப் பதினேழு வருடப் பழக்கம். அன்றும் பார்த்திருந்தாள். செசிம் வாய் திறந்ததிலிருந்து 'போதும்மா' வரை முப்பத்தைந்து நொடி.

'அவளுக்கு எல்லாம் தெரியும், கொஞ்சம் பொறுங்க' என்று எழுந்து சொல்லியிருக்கலாம். ஐந்து வார்த்தை. அவள் சொல்லவில்லை. கையில் அவளுடைய சீட்டு இருந்தது. மூன்று வருடம் இருந்தது. நாற்பத்து நான்கு வயதும் இருந்தது. முன்னால் போய் நின்று அழகாகப் பதில் சொன்னாள். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

4

விழாவில் மாணவர்கள் சார்பில் எஜேதான் பேச வேண்டும் என்று வகுப்பே கையைத் தூக்கியது. துணை முதல்வர் உர்மாத் ஜெகிஷெனோவிச் என் அறைக்கு வந்தார்.

"நீங்கதான் கதையெல்லாம் எழுதறீங்களே. அவங்களுக்கு ஒரு பேச்சு எழுதிக் கொடுங்க. நன்றி சொல்ல வேண்டியவங்க பட்டியல் இந்தாங்க. பதினாலு பேரு. வரிசை மாறக் கூடாது, மாறினா என் தலை போயிடும்."

எழுதினேன். பதினான்கு நன்றி, ஐந்து அறிவுரை. முதல் அறிவுரை "வாழ்க்கை ஒரு மலையேற்றம்" என்று தொடங்கியது. குல்பர்ச்சின் அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"மலையா அகாய்? இங்க எல்லாப் பேச்சுலயும் மலை வருது. ஜன்னலைத் திறந்தாலே மலைதான். பேச்சுலயாவது இல்லாம இருக்கட்டுமே."

மலையை எடுத்துவிட்டு ஆற்றைப் போட்டேன். (எனக்கு இந்த வியாதி இருக்கிறது, மேலே பார்த்திருப்பீர்கள்.) அவள் தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்:

"இதுல செசிம் இல்லையே?"

"அவ பாஸ் பண்ணலையே எஜே. மேடையில தேர்வுக் குழுத் தலைவரும் உக்காந்திருப்பாங்க. வேண்டாமே."

"எனக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தது மாவட்டத் தலைவரா?"

அன்று சாயங்காலமே செசிமின் வீட்டுக்குப் போனாள். அந்தப் பெண் தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் பேரை மேடையில சொல்லப் போறேன்."

மண்வெட்டி நின்றது. "வே... வேண்டாம் எஜே."

"ஏன்டி? நன்றி சொல்றதுல என்ன தப்பு?"

"பே... பேரைச் சொன்னா, எல்லாரும் 'ஐயோ பாவம்'னு பாப்பாங்க. எனக்குப் பா... பாவம் வேண்டாம். சத்தியம் பண்ணுங்க."

குல்பர்ச்சின் சத்தியம் செய்தாள்.

"விழாவுக்காவது வா. எம் பொண்ணு மாஸ்கோல இருந்து பாக்கணும்னு துடிக்கறா. நீ போன்ல படம் புடிச்சா நல்லா இருக்கும். அவங்கப்பன் புடிச்சா எல்லாம் தலைகீழா வரும்."

செசிம் யோசித்தாள். "க... கடைசி வரிசையில நின்னு புடிக்கிறேன்."

5

இங்கே கதாசிரியனுக்கு ஒரு வசதி. அந்த வீடியோ என்னிடம் இருக்கிறது. இருபத்தாறு நிமிடம். கற்பனை செய்ய வேண்டியது குறைவு.

கலாச்சார மாளிகை. மேடையில் இருபது நாற்காலி, ஆனால் வெள்ளைக் கோட்டில் பத்தொன்பது பெண்கள். ஒரு நாற்காலியை எடுக்க மறந்துவிட்டார்கள், அல்லது யாரும் எடுக்க விரும்பவில்லை. கூட்டத்தில் வெள்ளைத் தொப்பி வைத்த அப்பாக்கள், பூங்கொத்து ஏந்திய அம்மாக்கள். தாலாய்பெக் மூன்றாம் வரிசையில், இருந்த ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு. மேடையின் வலப்பக்கம் பட்டயங்கள் அடுக்கிய மேசை, அதன் பின்னால் கலிமா ஒஸ்மோனோவ்னா. உரை முடிந்த பிறகுதான் அவர் கையால் பட்டயம் தரப்படும். இதைக் குல்பர்ச்சின் நன்றாக அறிவாள்.

பதினான்கு நன்றியையும் வரிசை மாறாமல் படித்தாள். மாவட்டத் தலைவர் கொட்டாவி விட்டது இங்கேதான். பிறகு தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

"மீதியை என் வாயால சொல்லிடறேன்," என்றாள். "என் வீட்டுக்காரர் மூணு வருஷம் எனக்காகச் சமைச்சார். முதல் வருஷம் நாய்கூடத் தொடலை. இந்த வருஷம் நாய் தொடுது. அவருக்கு நன்றி."

அரங்கம் வெடித்துச் சிரித்தது. தாலாய்பெக் தொப்பியைக் கழற்றி எல்லாப் பக்கமும் தலை குனிந்தான். பெருமையில் காது சிவந்திருந்தது.

"எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒருத்தர் இருக்காங்க. பேரைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். அதனால சொல்லலை. அவங்களுக்கு நன்றியா உங்க எல்லார்கிட்டயும் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒரு நிமிஷம் கொடுங்க."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. மணிக்கட்டில் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, சும்மா நின்றாள்.

பத்து நொடிவரை கூட்டம் புன்னகையோடு இருந்தது. பதினைந்தாவது நொடியில் மைக் பழுது என்று நினைத்து ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து அதைத் தட்டினார். 'டொக் டொக்' என்று நன்றாகவே கேட்டது. இருபதாவது நொடியில் ஒரு அம்மா பக்கத்தில் இருப்பவரிடம் "பாவம், மறந்துட்டாங்க போல" என்கிறார். இருபத்தைந்தில் உர்மாத் ஜெகிஷெனோவிச் எழுந்து, "எஜே, பேசுங்க, பேசுங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கெஞ்சுகிறார். அவள் அசையவில்லை.

"முப்பத்தஞ்சு," என்றாள்.

அரங்கம் அமைதியானது.

"இங்கயே நிறுத்தி என்னை உக்காரச் சொல்லியிருந்தா, இவளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு வீட்டுக்குப் போயிருப்பீங்க."

மறுபடியும் மௌனம். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. யாரும் இருமவில்லை. மேடையில் வெள்ளைக் கோட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. கலிமா ஒஸ்மோனோவ்னா பட்டயங்களைப் பார்த்தபடி இருந்தார்.

"அறுபது," என்றாள் குல்பர்ச்சின். "ஒரு நிமிஷம்னா இவ்வளவுதான். யாரும் செத்துப் போகலை. தங்கச்சிங்களா, நாளையிலிருந்து உங்க முன்னாடி வலியோட வருவாங்க. வலியில இருக்கறவங்களுக்குச் சட்டுனு சொல்ல வராது. சொல்லி முடிக்கிற வரைக்கும் இருங்க. நடுவுல நீங்க முடிச்சு வைக்காதீங்க. பதினேழு வருஷம் வாளியும் கையுமா நின்னு நான் பாத்தது இதைத்தான். புள்ளையைக் காப்பாத்தினவங்க எல்லாருமே பொறுமையா நின்னவங்கதான்."

இந்த இடத்தில் முடித்திருந்தால் நல்ல உரை. நானாக இருந்தால் முடித்திருப்பேன்.

"இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு அந்த ரூம்ல நானும் இருந்தேன். எனக்கு நல்லாவே பேச வரும். இப்ப பேசறேன்ல? ஆனா அன்னைக்கு வாயைத் திறக்கலை. என் பட்டயம் போயிடுமோன்னு பயம். அதனால எனக்குக் கை தட்டாதீங்க."

கை தட்டவில்லை. முதலில் மேடையில் பத்தொன்பது... இல்லை, குல்பர்ச்சினைத் தவிரப் பதினெட்டுப் பெண்கள் எழுந்து நின்றார்கள். பிறகு கீழே எல்லோரும். பின்வரிசையை நோக்கித் தலைகள் திரும்பின.

வீடியோவில் செசிம் இல்லை. படம் பிடிப்பவள் படத்தில் வர மாட்டாள். ஆனால் அந்த ஒரு நிமிடம் முழுவதும், அதற்குப் பிறகு நானூறு முகங்கள் அவளை நோக்கித் திரும்பிய பிறகும்கூட, படம் ஒரு துளி ஆடவில்லை.

6

குல்பர்ச்சின் பட்டயம் வாங்கும்போது கலிமா ஒஸ்மோனோவ்னா அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, விடாமல், குனிந்து ஏதோ சொன்னார். வீடியோவில் அது கேட்கவில்லை. நான் முதலில் எழுதியவை:

அ) "உனக்கு எவ்வளவு திமிர்!" (நாடகத்துக்கு நல்லது. ஆனால் அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை.)

ஆ) "என்னை மன்னிச்சிடு." (வாசகர்கள் அழுவார்கள். அவர் இப்படியும் பேசுகிறவர் இல்லை.)

குல்பர்ச்சினிடமே கேட்டேன். கலிமா ஒஸ்மோனோவ்னா சொன்னது இது:

"முப்பத்தஞ்சு இல்ல. முப்பதுதான். நானும் கடிகாரத்தைப் பாத்தேன்."

சொல்லிவிட்டுப் பட்டயத்தை விட்டார். குல்பர்ச்சின் என்னிடம் ஐந்து விரலை விரித்துக் காட்டினாள். "என்னைவிட அவங்க கணக்குல அஞ்சு நொடி குறைச்சல் அகாய். அதை மறைச்சிருக்கலாம்ல? சொன்னாங்க பாருங்க. அதுக்கு மேல நான் என்ன கேக்க?"

7

செசிம் பதினாறு நாள் அவளோடு பேசவில்லை. பதினேழாம் நாள் குல்பர்ச்சினின் வீட்டுக்கு வந்து, ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சூப்பைச் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்:

"பே... பேரைச் சொல்லலைதான். ஆனா எல்லாரும் தி... திரும்பிப் பாத்தாங்க."

"தெரியும். கோவமா?"

"ஆமா." கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். "அந்த வீ... வீடியோவை இருபது தடவை பாத்துட்டேன். யாரும் 'ஐயோ பாவம்'னு பாக்கலை."

"பின்ன எப்படிப் பாத்தாங்க?"

"வா... வாத்தியாரைப் பாக்கற மாதிரி."

தாலாய்பெக் உள்ளேயிருந்து, "இன்னொரு கிண்ணம் போடட்டுமா வாத்தியாரம்மா?" என்று கத்தினான்.

குல்பர்ச்சின் இப்போது அதே பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. முதல் நாள் வேலைக்குப் போனபோது பழக்கத்தில் நேராக வாளி வைத்திருக்கும் அறைக்குப் போய்விட்டாளாம். புதிய ஆயா, "இங்க உங்களுக்கு என்ன வேலை எஜே?" என்று விரட்டியிருக்கிறாள். இந்த ஒரு வருடத்தில் அவள் கையில் நூற்றுப் பதினெட்டுக் குழந்தைகள் பிறந்திருக்கின்றன.

8

செப்டம்பர் மறுதேர்வு. அதே அறை, கலிமா ஒஸ்மோனோவ்னாவே மறுபடியும் தலைவர். பிஷ்கெக்கிலிருந்து வந்த மற்ற இருவரிடமும், "சாயங்கால வண்டிக்கு டிக்கெட் போட்டுக்கோங்க," என்று முன்னாடியே சொல்லிவிட்டார். வெளியே தாழ்வாரத்தில் நானும் வெள்ளைக் கோட்டோடு குல்பர்ச்சினும். பத்து மணி பத்து நிமிடத்துக்குக் கதவு மூடியது.

கதை இந்த இடம்வரை வந்ததும், எழுதியதைச் செசிமுக்குக் கிர்கிஸில் சொல்லிக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிளாஸ்திரி விஷயத்தில் சிரித்தாள். என் குற்ற ஒப்புதலுக்கு மட்டும் தலையசைத்தாள். நான் கடைசிப் பத்திக்கு வந்தேன்: "பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. செசிம் வெளியே வந்தாள். அவள் முகத்தில்—"

அவள் கையைத் தூக்கினாள்.

"நி... நிறுத்துங்க அகாய்."

நிறுத்தினேன்.

"அ... அதை நான் சொல்றேன். நீங்க எ... எழுதாதீங்க."

"படிக்கிறவங்க கேப்பாங்களே, அப்புறம் என்ன ஆச்சுன்னு?"

அவள் பதில் சொல்லத் தொடங்கினாள். வார்த்தை நின்றது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவள் சொல்லப்போவது எனக்குத் தெரியும் என்றே தோன்றியது. பற்களைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் அவள் சொன்னது நான் நினைத்தது இல்லை.

"தெ... தெரிஞ்சுக்கணும்னா எ... என்கிட்ட நேர்ல வரச் சொல்லுங்க. டீ போட்டுத் தரேன். அவசரமா இருக்கறவங்க மட்டும் வர வேண்டாம்."